வாசகரின் பொழுது

சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றபோது, அந்த உத்தியோகத்தில் அவருக்குச் சற்றும் மனம் பற்றவில்லை. வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பெரும் பாரமாக இருந்தது. மீண்டும் கணிதத்துக்கே போய்விடுகிறேன் என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டார். இங்கிலாந்துக்குச் சென்று பயிற்சி பெற்று வந்த பிறகும் மனம் மாறவில்லையானால் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின் பேரில் லண்டனுக்குப் போனவர், அங்கே பொது நூலகங்கள் குழந்தைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் எவ்விதம் பயன்பட்டு வந்தன என்பதைக் கண்ணால் கண்டு, வேறு மனிதராகத் திரும்பினார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலில் நூலகத் தொழிலுக்கென்று வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது.

அந்த விதியின் கனம் தெரியவேண்டுமானால், மூடிய அலமாரிகளைக் கொண்ட பழைய நூலகத்தில் ஒரு வாசகர் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். தமக்கு வேண்டிய புத்தகத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி ஊழியரிடம் நீட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்த புத்தகம் தாம் எதிர்பார்த்த விஷயத்தைச் சொல்லாததாக இருந்தால், மறுபடியும் ஒரு சீட்டு, மறுபடியும் ஒரு காத்திருப்பு. ரங்கநாதன் அலமாரிகளைத் திறந்துவிட வேண்டும் என்று வாதாடினார். ஒரே விஷயத்தைப் பற்றிய நூல்கள் அருகருகே நிற்கும்படி வகைப்படுத்தினார். வாசகரோடு பேசி, அவர் மனத்தில் இருப்பதை அறிந்து, உரிய நூலை அவர் கையில் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இத்தனை ஏற்பாடும், வாசகர் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு சீக்கிரமாகத் தம் காரியத்தைப் பார்க்கப் போகலாம் என்பதற்காகத்தான்.

இன்று கைப்பேசியைத் திறந்ததும் நம் முன்னே ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் செய்திகளின் வரிசையை, அதாவது முகநூலும் இன்ஸ்டாகிராமும் யூடியூபும் நமக்கென்று தேர்ந்து வைக்கும் அந்த ‘ஃபீடை’ப் பற்றி எழுதப் புகுந்தவன் நூலக விதியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இவருக்கு இது வேண்டும், இவருக்கு இது வேண்டாம் என்று தேர்ந்து கொடுக்கும் தொழில் நூலகத்தாரின் தொழிலாகவே வளர்ந்தது. அதனை யந்திரத்திடம் முதலில் ஒப்படைத்தவர்களும் வாசகரின் சிரமத்தைக் குறைக்க நினைத்தவர்களே. அந்தத் தொழில் எந்த இடத்தில் எஜமானனை மாற்றிக்கொண்டது என்பதை அறிந்தாலன்றி, நம் முன்னே கொட்டப்படுவதைச் சீர்செய்வது எப்படி என்ற கேள்விக்கு விடை காண முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சியாளரான ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-இல் ஒரு கட்டுரை பிரசுரித்தார். யுத்தத்துக்குப் பிற்பட்ட காலத்தில் விஞ்ஞானப் பத்திரிகைகளும் அலுவலக அறிக்கைகளும் பெருகிவிட்டபடியால், ஒரு நிபுணர் தம் துறையில் வெளிவரும் அனைத்தையும் புரட்டிப் பார்ப்பதுகூட அசாத்தியமாகிவிட்டது. இதற்கு லூன் சொன்ன வழி, ஒவ்வொருவரின் ஈடுபாடுகளையும் சொற்பட்டியலாக எழுதி யந்திரத்தில் வைத்துவிட வேண்டும்; புதிதாக வரும் ஆவணத்தின் சாரத்தை யந்திரமே எடுத்து, அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துகிறவர்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டும் என்பது. சாரத்தைப் பார்த்து முழு ஆவணத்தையும் கேட்டு வாங்குகிறவரின் பட்டியல் அந்த விருப்பத்துக்கு ஏற்பத் திருத்தப்படும். இன்றைய ஃபீடின் அமைப்பு முழுவதும் கருவாக இதில் இருப்பதைக் கவனிக்கலாம். ஆனால் லூனின் யந்திரம் அனுப்பியது சாரத்தை மட்டுமே; மேலே படிப்பதா வேண்டாமா என்ற தீர்மானம் வாசகருடையது. அவர் வேண்டாமென்று ஒதுக்குவதனால் யாருடைய வியாபாரமும் கெட்டுப்போகவில்லை.

பொது ஜனங்கள் கணினி வழியே ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியபோதுதான் இந்தப் பிரச்சனை நிபுணர்களின் அறையைவிட்டு வெளியே வந்தது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979-இல் யோசித்து, மறு வருஷம் நடைமுறைக்கு வந்த யூஸ்நெட் என்ற வலையில், விஷயவாரியாகப் பிரிக்கப்பட்ட குழுக்களில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். சில வருஷங்களுக்குள்ளாகவே எழுத்து வெள்ளமாயிற்று. கூடவே சண்டையும் வந்தது. மின்னஞ்சலின் கதியும் அப்படியே ஆகிக்கொண்டிருந்தது. கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1982-ஆம் வருஷத்திலேயே, வேண்டாத மின்கடிதங்கள் தம் நாளை விழுங்குவதாகத் தம் துறைப் பத்திரிகையில் முறையிட்டு, எழுதுவதற்கு வசதிகள் இத்தனை செய்துவிட்டோமே, வந்து சேர்பவற்றை வடிகட்டுவதற்கு என்ன செய்தோம் என்ற கேள்வியை எழுப்பினார்.

லாரி வால் என்ற நிரலாளர் 1984-இல் யூஸ்நெட்டை வாசிப்பதற்கென்று எழுதி வெளியிட்ட நிரலில் இந்தக் கேள்விக்கு ஓர் எளிய பதில் இருந்தது. ‘கில் ஃபைல்’ என்று வழங்கிய அது வாசகரின் சொந்தக் கணக்கில் இருக்கும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்தத் தலைப்பைக் காண விருப்பமில்லையோ அதனையும், எவருடைய எழுத்து வேண்டாமோ அவருடைய பெயரையும் வரிக்கு ஒன்றாக அதில் எழுதி வைத்துவிட்டால், மறுநாள் குழுவைத் திறக்கையில் அவையெல்லாம் படித்து முடித்தவைபோலக் கணக்கிடப்பட்டுக் கண்ணில் படாமலே போய்விடும். மனம் மாறினால் அந்த வரியை அழித்துவிடலாம். கோபக்காரர் சிலர் ஒருவரைத் தம் கோப்பில் சேர்க்கும்போது, பெட்டிக்குள் கல் விழும் ஓசைபோல ‘பிளாங்க்’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதிப் பகிரங்கப்படுத்துவது அங்கே ஒரு வழக்கமாயிற்று. சாந்த சுபாவமுள்ளவர்கள் யாருக்கும் சொல்லாமல் சேர்த்துவிட்டுத் தம் வாசிப்பைத் தொடர்ந்தார்கள். நாற்பது வருஷங்களுக்கு முற்பட்ட இந்தக் கோப்பின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எழுதுகிறவனின் சுதந்திரத்தில் ஓர் அணுவும் குறையாமல், வாசிக்கிறவனின் சுதந்திரத்தை முழுமையாகக் காப்பாற்றிய ஏற்பாடு அது. மேலும், அதில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதை அறிய வாசகன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவன் கையால் எழுதியது அவன் கண்ணெதிரே இருக்கிறது.

ஆயினும் வேண்டாததை விலக்குவது வேறு, நல்லதைக் கண்டுபிடிப்பது வேறு. பாலோ ஆல்ட்டோவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தார் 1992-இல் விவரித்த ‘டேபெஸ்ட்ரி’ என்ற அமைப்பு இரண்டாவதை நோக்கியது. படித்தவர்கள் கட்டுரையின்மேல் தம் குறிப்பை இட்டு வைப்பார்கள். இன்னார் நன்றென்று குறித்தவற்றையும், இன்னார் பதில் எழுதியவற்றையும் எனக்குக் காட்டு என்று வாசகர் விதி எழுதி வைப்பார். யாருடைய ரசனையை நம்புகிறோம் என்பது பெயரோடு தெரிந்திருந்தது. 1994-இல் மின்னஸோட்டா பல்கலைக்கழகத்தையும் எம்.ஐ.டி.யையும் சேர்ந்தவர்கள் யூஸ்நெட்டுக்கென அமைத்த ‘குரூப்லென்ஸ்’ இன்னும் ஒரு படி போயிற்று. வாசகர் ஒவ்வொரு கட்டுரைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். அவரைப்போலவே முன்பு மதிப்பெண் இட்டவர்கள் யார் யார் என்று யந்திரம் கண்டறிந்து, அவர் இன்னும் படிக்காத கட்டுரைக்கு அவர் எத்தனை இடக்கூடும் என்பதை ஊகித்துப் பக்கத்தில் எண்ணாகக் காட்டும். பெயர் போய் எண் வந்துவிட்டது உண்மைதான் என்றாலும், அந்த எண் வாசகர் யோசித்து இட்ட தீர்ப்பிலிருந்து பிறந்தது. இன்று நாம் அல்காரிதம் என்று அச்சத்தோடு உச்சரிக்கும் பரிந்துரை முறைகளின் மூதாதைகளில் இது முக்கியமானது; தகவல் வெள்ளத்தில் தத்தளித்த வாசகரைக் கரையேற்றுவதற்காகவே இது செய்யப்பட்டது.

மதிப்பெண் இடுவதற்கு மனிதர்கள் சோம்பல்படுகிறார்கள் என்பதே இந்த முறையின் பெரிய குறை. ஆகவே, கேளாமலே தெரிந்துகொள்ள வழியுண்டா என்று ஆராய்ந்தவர்கள், ஒரு கட்டுரையைப் படிக்க ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரமே அவருடைய விருப்பத்தைக் காட்டிவிடுகிறது என்று கண்டார்கள். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான மொரிட்டாவும் ஷினோடாவும் 1994-இல் இதனைத் தெரிவித்தார்கள். 1997-இல் குரூப்லென்ஸ் குழுவினரும், படித்த நேரத்தைக் கொண்டு செய்யும் ஊகம் மதிப்பெண்ணைக் கொண்டு செய்யும் ஊகத்துக்குக் கிட்டத்தட்ட நிகராகவே இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. வாசகரை நிறுத்தி வைப்பதால் ஒருவருக்கும் லாபமில்லாத ஒரு சபையில், நேரம் விருப்பத்தின் நிழலாகவே விழுந்தது. ஆனால் சரித்திரத்தில் திருப்பம் நேர்ந்த இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ரங்கநாதன் சேமித்துக் கொடுக்கச் சொன்ன அதே பொருள், எவ்வளவு செலவாயிற்று என்று கணக்கிடப்படும் பொருளாக மாறியது.

இந்த அளவுகோல் விளம்பர வியாபாரத்தின் கைக்கு வந்து சேர அதிக காலம் பிடிக்கவில்லை. 2006-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி ஃபேஸ்புக் தன் ‘நியூஸ் ஃபீடை’த் திறந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு நண்பரின் செய்தி வேண்டுமானால் அவருடைய பக்கத்துக்கு நாம் போக வேண்டும். அன்று முதல் அனைவரின் செய்தியும் நம்மைத் தேடி வந்தது. லட்சக்கணக்கான மாணவர்கள் அந்தத் தளத்திலேயே சங்கம் கூடி எதிர்த்தார்கள். ஸ்தாபகர் மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கோரினார். யார் எதைப் பார்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தச் சில வசதிகள் தரப்பட்டன. ஃபீடு மாத்திரம் நிலைத்துவிட்டது. அதே 2006-இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கத்தின் அடி வந்ததும் அடுத்த பக்கம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் முடிவற்ற உருட்டலைச் செய்து காட்டினார். பிற்காலத்தில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தியவரும் அவரே. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தான் வந்தது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016-இல் காலவரிசையைக் கைவிட்டு, யந்திரம் இடும் வரிசைக்கு மாறின.

யூடியூபின் மாற்றம் இவற்றுள் மிகவும் சிந்திக்கத் தக்கது. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதை வைத்தே முன்பு அங்கே பரிந்துரை நடந்தது. அதனால் பொய்யான தலைப்பும் படமும் வைத்து ஆளை இழுக்கும் காணொளிகள் மலிந்தன. இதற்குப் பரிகாரமாக 2012-இல், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதையே பிரதான அளவாக்கினார்கள். பரிகாரம் நியாயமானதுதான். ஆனால் ஒரு நாளைக்கு 100 கோடி மணி நேரம் உலகத்தார் பார்க்க வேண்டும் என்று அதையே அவர்கள் இலக்காகவும் வைத்துக்கொண்டார்கள். 2016-இல் அந்த இலக்கை எட்டியும்விட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் இலையைப் பார்த்து, இவருக்கு ரசம் வேண்டும், இவருக்கு மோர் போதும் என்று அறிந்து பரிமாறச் செய்வார்; வந்தவர் எத்தனை நாழிகை மணையில் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கொண்டு விருந்தின் சிறப்பை அளப்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. பிடித்ததற்காகவும் ஒருவர் ஒரு காட்சியின் முன் நிற்பார். வெறுப்பினாலும், பயத்தினாலும், களைப்பில் எழ மனமில்லாமலும் நிற்பார். நேரத்தை மட்டும் எண்ணுகிற யந்திரத்துக்கு இவை யாவும் ஒன்றே. தெரிந்தவர் இருவர் கருத்துப் பெட்டியில் மணிக்கணக்காக வைதுகொள்வதை நாம் வேதனையோடு பார்த்து நின்றால், இன்னும் பத்துச் சண்டைகள் நம்மைத் தேடி வருவதன் மூலகாரணம் இந்த அளவுகோலே.

தமிழ் வாசகர்களுக்கு இதற்கு முற்பட்ட ஒரு காலத்தின் அநுபவம் உண்டு. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, தமிழில் எழுதியவர்களின் வலைப்பதிவுகளையெல்லாம் ஓரிடத்தில், புதியது மேலே பழையது கீழே என்ற வரிசையில் காட்டிவந்தது. புதிதாக மறுமொழி வந்த இடுகைகளுக்குத் தனி வரிசை. வாரத்துக்கு ஒருவர் நட்சத்திரப் பதிவர். பதிவின் அடியில் வாசகர் ஓட்டளிக்க ஒரு பட்டை. அங்கேயும் கோஷ்டிகளும் வசைகளும் இல்லாமல் இல்லை. ஓட்டுக்காக ஆள் சேர்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் எந்த இடுகை எதனால் மேலே நிற்கிறது என்பது அதைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் விளங்கிற்று. சிங்கப்பூரிலோ டொரொன்டோவிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து எழுதிய, முன்பின் அறியாத ஒருவரின் முதல் இடுகை, பெயர் பெற்றவரின் இடுகைக்கு நேர் மேலே சில நிமிஷங்களாவது நின்றது. தமக்குப் பிடித்தவர்களின் பதிவுகளை மட்டும் தனியே சேர்த்துப் படிக்க விரும்பியவர்கள் கூகிள் ரீடரைப் பயன்படுத்தினார்கள். 2013 ஜூலை 1-ஆம் தேதி அது மூடப்பட்டபோது, தம் பட்டியலைத் தாமே பராமரித்து வந்த அந்த வாசகக் கூட்டத்தில் பலர் கலைந்து ஃபேஸ்புக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதைப் பெரும் நஷ்டமாகவே நான் எண்ணுகிறேன்.

இத்தனையும் அறிந்த பின், இன்றைய ஃபீடுக்குள் பழைய கருவிகள் மறைந்து கிடப்பது கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். நட்பைத் துண்டிக்காமலே ஒருவரின் பதிவுகளைப் பின்தொடராமல் விடும் வசதி ஃபேஸ்புக்கிலும், ஒருவரை அவர் அறியாமல் ஒலியடக்கி வைக்கும் ‘மியூட்’ 2014 முதல் ட்விட்டரிலும் இருந்து வருகின்றன. இவை லாரி வாலின் கோப்பின் நேர் வாரிசுகள். ட்விட்டரில் 2009 முதல் உள்ள பட்டியல் வசதியைக் கொண்டு, விவசாயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சிலர், கல்வெட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் சிலர் என்று பிரித்து வைத்துக்கொண்டால், டேபெஸ்ட்ரியில்போலப் பெயரறிந்து படிக்கலாம். நாம் பின்தொடர்கிறவர்களை மட்டும் காலவரிசையில் காட்டும் தோற்றத்தை இன்ஸ்டாகிராம் 2022 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தது. தளத்தின் பெயரைத் தொட்டால்தான் அது வெளிப்படும். வாட்ஸ்அப்பில் யந்திரத்தின் தேர்வு இல்லை. அங்கே பாரம் உறவினர்களிடமிருந்தே வருகிறது. குடும்பக் குழுவைவிட்டு வெளியேறினால் பெரியப்பா மனம் நோகும். ஆனால் நிரந்தரமாக ஒலியடக்கி, ஆவணப் பகுதிக்கு நகர்த்தி வைத்தால், கல்யாணச் செய்தியும் துக்கச் செய்தியும் நாம் போய்ப் பார்க்கும் நேரத்தில் அங்கே இருக்கும். யூஸ்நெட்டின் சாந்த சுபாவிகள் செய்ததும் இதுவே.

யூடியூபில் ஒரு பரிசோதனை செய்து பார்க்கும்படி எல்லோருக்கும் சொல்லுவேன். கணக்கு அமைப்பினுள் சென்று, பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்தி, சேர்ந்திருப்பதையும் அழித்துவிட வேண்டும். 2023 முதல் அப்படிச் செய்தவர்களின் முகப்புப் பக்கம் வெறுமையாகிவிடுகிறது. எந்தப் படமும் எந்த முகமும் கூவி அழைப்பதில்லை. மேலே தேடுவதற்கான கட்டமும், பக்கத்தில் நாமே சந்தா செய்த அலைவரிசைகளும் மாத்திரம் மிஞ்சுகின்றன. மறுபடியும் நாம் சீட்டெழுதிக் கேட்கிற வாசகராகிறோம், கேட்டது உடனே வந்துவிடுகிறது என்ற ஒரு வித்தியாசத்தோடு. முதல் சில நாட்களில் என்ன கேட்பது என்றே தோன்றாமல் கை தயங்குவது உண்டு. எதை விரும்புகிறோம் என்று யோசிக்கும் வேலையை அத்தனை காலம் வேறொருவரிடம் விட்டிருந்தோம் அல்லவா!

தனி மனிதரின் ஜாக்கிரதை மட்டும் இதற்குப் போதாது என்பதை ஐரோப்பிய ஒன்றியம் உணர்ந்திருக்கிறது. அதன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 38-ஆம் ஷரத்து, மிகப் பெரிய தளங்கள் ஒவ்வொன்றும், வாசகரைப் பற்றிச் சேர்த்த தகவலை ஆதாரமாகக் கொள்ளாத ஒரு வரிசையையேனும் அவருக்குத் தர வேண்டும் என்று விதிக்கிறது. முதலில் குறிக்கப்பட்ட பெருந்தளங்களுக்கு 2023 ஆகஸ்ட் இறுதியில் அது அமலுக்கு வந்தது. தளத்தார் கொடுத்தார்கள்; ஆனால் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்தத் தோற்றத்தைத் தேர்ந்துகொண்டவர், ஆப்பை மூடித் திறந்ததும் பழைய ஃபீடுக்கே திரும்பக் கொண்டுபோய் விடப்பட்டார். நெதர்லாந்தில் ‘பிட்ஸ் ஆஃப் ஃப்ரீடம்’ என்ற அமைப்பு இதை எதிர்த்து வழக்காடியது. வாசகர் ஒருமுறை செய்த தெரிவை ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அவர் மாற்றும்வரை மதித்து வைத்திருக்க வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்த ஆணை செல்லுவது நெதர்லாந்து நாட்டவருக்கு மாத்திரம். ஒரு சிறிய நாட்டு வாசகருக்குச் செய்து கொடுக்க முடிந்த இந்தச் சௌகரியத்தை மற்ற நாட்டவருக்கும் செய்து கொடுப்பதில் யந்திர நுட்பம் சம்பந்தமான தடை எதுவும் இல்லை.